கம்பெனியில் அறிவு மேலாண்மையை உங்கள் தலையில் கட்டிவிட்டார்களா? படிப்படியாக ஒரு வழிகாட்டி

"கே.எம். ஒண்ணு ஆரம்பிக்கணும், நீங்களே பாத்துக்கோங்க" என்று மீட்டிங் முடிகிற நேரத்தில் எம்.டி. சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பார். கே.எம். என்றால் நாலெட்ஜ் மேனேஜ்மென்ட், அதாவது அறிவு மேலாண்மை: ஆட்களின் தலைக்குள் இருக்கிற வேலை அறிவைப் பதிவு செய்து மற்றவர்களுக்கும் கிடைக்கச் செய்வது. பின்னால் பெரும்பாலும் இரண்டில் ஒரு காரணம் இருக்கும். ஒன்று, இருபது முப்பது வருட அனுபவமுள்ள ஒருவர் ஓய்வு பெறப் போகிறார். இல்லையென்றால் ஐ.எஸ்.ஓ. தர ஆடிட்டில் கேள்வி வந்திருக்கிறது.

அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கோவை வட்டாரத்தில் பம்ப், வால்வு, வார்ப்படம் செய்கிற, நூறிலிருந்து முந்நூறு பேர் வேலை பார்க்கிற கம்பெனியை மனதில் வைத்துச் சொல்கிறேன். நான் இதோடு மல்லுக்கட்டிய இடம் அந்த மாதிரியானது. வேறு தொழில் என்றால் உதாரணங்கள் மாறும், வரிசை மாறாது.

இந்தத் தலைப்பில் தேடினால் வட்டமும் அம்புக்குறியுமாகப் படங்கள் நிறையக் கிடைக்கும். எந்தத் தாள் தயார் செய்ய வேண்டும், யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதுதான் கிடைக்காது.

1. ஒரு பக்க உத்தரவை எழுதி வாங்குங்கள்

வாய்ச்சொல்லை நம்பி இறங்க வேண்டாம். நீங்களே ஒரு பக்கம் டைப் செய்து எம்.டி.யிடம் கையெழுத்து வாங்குங்கள். அதில் இவை இருக்க வேண்டும்:

- முதலில் எந்தத் துறை. ஒரே ஒரு துறை. "கம்பெனி முழுவதும்" என்று எழுதினால் எங்கேயும் நடக்காது.
- உங்கள் நேரத்தில் எவ்வளவு இதற்கு. முதல் ஆறு மாதத்துக்கு வாரம் ஒன்றரை நாளாவது கேளுங்கள்.
- மற்றவர்களை வேலை நேரத்தில் உட்கார வைத்துப் பேச உங்களுக்கு அனுமதி.
- அப்படிப் பேசும் நேரத்துக்கு அவருடைய இன்சென்டிவ் குறையாது என்ற உறுதி.
- எந்த மாதம் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது.

நான்காவது வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பீஸ் கணக்கிலோ ஷிப்ட் இன்சென்டிவிலோ ஓடுகிற ஆளை அரை மணி நேரம் பேச வைத்தால் அவர் பையிலிருந்து காசு போகிறது. இரண்டாவது தடவை கூப்பிட்டால் வர மாட்டார், அது நியாயமும்கூட. எம்.டி. கையெழுத்துக்குக் கீழே ப்ரொடக்ஷன் மேனேஜரின் கையெழுத்தும் வேண்டும். ஆளை விடுவதும் விடாததும் அவர் கையில்தான் இருக்கிறது.

பொறுப்பு எந்தத் துறையிடம் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். ஐ.டி.யிடம் போனால் மென்பொருள் வாங்கியதோடு முடியும். ஹெச்.ஆரிடம் போனால் பயிற்சி வருகைப் பதிவேட்டோடு முடியும். குவாலிட்டியோ ப்ரொடக்ஷனோ வைத்துக்கொண்டு மற்ற இருவரையும் உதவிக்கு அழைத்துக்கொள்வது நல்லது.

2. பதிலைச் சேர்க்கும் முன் கேள்வியைச் சேருங்கள்

இருக்கிற ஃபைல்களையெல்லாம் ஸ்கேன் செய்யத்தான் முதலில் கை போகும். போக விடாதீர்கள். யாரும் கேட்காத கேள்விக்கான பதில்கள்தான் அந்த அலமாரியில் பெரும்பாலும் இருக்கும்.

மூன்று நோட்டு வாங்குங்கள். ஃபோர்மேன் மேசையில் ஒன்று, ஸ்டோரில் ஒன்று, சர்வீஸ் போன் எடுப்பவரிடம் ஒன்று. இரண்டு வாரத்துக்கு நான்கே விஷயம் எழுதச் சொல்லுங்கள்: என்ன கேட்டார்கள், யார் கேட்டார், யார் பதில் சொன்னார், பதில் வரும்வரை வேலை எவ்வளவு நேரம் நின்றது. கூடவே நீங்கள் ரிஜெக்ஷன் பதிவேட்டையும் வாடிக்கையாளர் புகார்ப் பதிவேட்டையும் எடுத்து, ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிற இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. ஊர் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) லீவு போட்டு ஊருக்குப் போன ஆளுக்கு யார் யார், எதற்காகப் போன் அடித்தார்கள் என்று கேளுங்கள். கோயில் வாசலில் நின்றுகொண்டு ஒருவர் என்னென்ன விளக்கிச் சொன்னாரோ, அதெல்லாம் கம்பெனியில் வேறு யாருக்கும் தெரியவில்லை என்று அர்த்தம்.

3. யாரிடம் மட்டும் இருக்கிறது என்று ஒரு பட்டியல்

ஒரு எக்செல் தாள் போதும். வேலை, அது தெரிந்தவர்கள், அவர் இன்னும் எத்தனை மாதம் இருப்பார், அவர் இல்லாவிட்டால் என்ன நிற்கும், வேறொருவர் கற்றுக்கொள்ள எவ்வளவு நாளாகும் என்று ஐந்து கட்டம். இரண்டாவது கட்டத்தில் ஒரே பெயர் உள்ள வரிகளை மேலே கொண்டுவாருங்கள். அதிலும் குறைந்த மாதம் உள்ளவர் முதலில்.

58 வயதை நெருங்குபவர்களை மட்டும் பார்த்தால் பாதிதான் கண்ணில் படும். நோட்டீஸ் கொடுத்துவிட்டு ஒரு மாதத்தில் கிளம்பிவிடக்கூடிய மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன், எந்த வாடிக்கையாளருக்கு எந்தப் பேக்கிங் என்று தலைக்குள் வைத்திருக்கும் டிஸ்பேட்ச் பையன், பேட்டர்ன் (வார்ப்பு அச்சு எடுக்கும் மாதிரி) எந்த ரேக்கில் என்று தெரிந்த ஒரே ஹெல்பர் ஆகியோரும் பட்டியலில் வர வேண்டும்.

இந்தத் தாளை எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். பெயரும் மீதி மாதமும் இருக்கிற பட்டியல் வெளியே கசிந்தால் ஆட்குறைப்புப் பட்டியல் என்றுதான் படிப்பார்கள். தொழிற்சங்கம் இருந்தால் வேலை தொடங்கும் முன்பே போய் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அவர்கள் காதுக்கு வேறு வழியாகப் போனால் விளக்கிச் சொல்ல ரொம்ப நாளாகும்.

4. அனுபவசாலியிடம் பேசுவது

இருப்பதிலேயே கடினமான படி இதுதான், பலனும் இங்கேதான். நேரத்தில் பெரும்பங்கை இதற்கு ஒதுக்குங்கள்.

*எப்போது:* ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பு தொடங்குங்கள். வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம். ஒரே நாளில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தால் முதல் நாற்பது நிமிடத்துக்குப் பிறகு கதைதான் வரும். கடைசி இரண்டு மாதத்தில் பேச்சைக் குறைத்து, அடுத்து வரும் ஆள் வேலை செய்வதை அவர் நின்று பார்க்கும்படி விடுங்கள். எங்கே தடுத்து நிறுத்துகிறாரோ அங்கே ஒரு குறிப்பு பாக்கி இருக்கிறது.

*எங்கே:* கான்ஃபரன்ஸ் ஹாலில் வேண்டாம். ஏ.சி. அறையில் உட்கார வைத்தால் ஆடிட்டரிடம் பேசுவதுபோல் பேசுவார். மெஷின் பக்கத்தில் நின்று பேசினால் கை தானாக ஓடும், வாயும் பின்னால் வரும்.

*எப்படி:* "உங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லுங்க" என்று கேட்டால் "எனக்கென்னங்க தெரியும்" என்றுதான் பதில் வரும். நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக எப்போது லைனை நிறுத்தினீர்கள், ஏன்? புதுப் பையன் செய்வதில் எதைப் பார்த்தால் பயமாக இருக்கும்? எந்த வாடிக்கையாளரின் டிராயிங்கில் எழுதாததையும் சேர்த்துச் செய்கிறீர்கள்?

முதல் பதில் எப்போதும் "பாத்தாலே தெரியும்" என்றுதான் இருக்கும். அங்கே நிறுத்திவிடாதீர்கள். உருகிய உலோகத்தை ஊற்ற அச்சு செய்யும் மோல்டிங் மண்ணைப் பற்றிய பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும் (ப்ளோ ஹோல் என்பது வார்ப்படத்தில் வாயுவால் வரும் ஓட்டை, மில் என்பது மண் கலக்கும் இயந்திரம்):

"மண்ணு சரியா இருக்குதுன்னு எப்படிங்கண்ணா கண்டுபுடிக்கறீங்க?"

"கையில புடிச்சாத் தெரியுமுங்க."

"புடிச்சா என்ன ஆகோணும்?"

"வெரல் தடம் அப்படியே நிக்கோணும். ஒடச்சா ஓரம் உதிராம ஒடையோணும்."

"கையில ஒட்டுச்சுன்னா?"

"தண்ணி சாஸ்திங்க. அப்படியே ஓட்டுனா ப்ளோ ஹோல் வந்துரும்."

"லேப் ரீடிங் சரியா இருந்து கையில சரியில்லீன்னா?"

"ரீடிங் மில்லுல எடுத்ததுங்க. திரும்பி வந்த மண்ணு ஆறாம சூடா இருந்தா, மோல்டுக்கு வாரதுக்குள்ள ஈரம் போயிரும். மொதல்ல தொட்டுப் பாக்கோணும், அப்பறந்தான் தண்ணி."

முதல் மூன்று பதிலும் எந்த ஃபவுண்டரி (வார்ப்பாலை) கையேட்டிலும் இருக்கும். நான்காவது இருப்பது அபூர்வம். கருவி ஒன்று சொல்லி, கை வேறொன்று சொன்னால் எதை நம்புவீர்கள் என்று கேட்டதால்தான் அது வந்தது. ஒவ்வொரு உட்காரலிலும் இந்த ஒரு கேள்வியையாவது கேட்டுவிடுங்கள்.

*பயம்:* "எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டா நம்மள அனுப்பிருவாங்க" என்ற பேச்சு எழும். வீண் பயம் என்று தள்ளிவிட முடியாது, சில இடங்களில் அப்படி நடந்தும் இருக்கிறது. இதற்குச் சமாதானப் பேச்சு உதவாது. குறிப்பில் சொன்னவர் பெயர் வரும், சொன்னதால் வேலைக்கு ஆபத்தில்லை, ஓய்வுக்குப் பிறகு தேவைப்பட்டால் நாள் கூலி கொடுத்து அழைப்போம் என்ற மூன்றையும் எழுத்தில் கொடுங்கள். நாள் கூலி எவ்வளவு என்பதையும் முன்பே எம்.டி.யிடம் முடிவு செய்துகொள்ளுங்கள். ஓய்வு பெற்றவரைச் சும்மா வரச்சொல்வது மரியாதையில்லை, இரண்டாம் முறை நடக்கவும் செய்யாது.

*பதிவு:* போன், ஒரு ட்ரைபாட், சட்டையில் மாட்டும் மைக். மைக் இல்லாவிட்டால் ஷாப்பில் (உற்பத்திக் கூடத்தில்) இருக்கிற சத்தத்தில் ஒன்றும் கேட்காது. முகம் வர வேண்டிய அவசியமில்லை, கை வந்தால் போதும். வீடியோ எதற்கு, யார் பார்ப்பார்கள், வேண்டாமென்றால் எப்படி நீக்குவது என்று ஒரு ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 வந்துவிட்ட பிறகு இதில் சோம்பல் கூடாது.

5. ஒரு பக்கக் குறிப்பு

வீடியோ மட்டும் போதாது. இருபது நிமிட வீடியோவில் தனக்கு வேண்டிய ஒரு நிமிடத்தை ஷிப்ட் நேரத்தில் யாரும் தேட மாட்டார்கள். ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள், வீடியோவை அதில் இணையுங்கள்.

தலைப்பு, நோட்டில் வந்த கேள்வியாகவே இருக்கட்டும்: "லேப் ரீடிங் சரி, மண் கையில் உதிர்கிறது, என்ன செய்வது?" அதற்குக் கீழே என்ன செய்ய வேண்டும், தப்பாகப் போனால் எது முதலில் தெரியும், எந்தச் சமயத்தில் இது பொருந்தாது. அடியில் சொன்னவர் பெயர், எழுதிய தேதி, மறுபடி சரிபார்க்க வேண்டிய தேதி, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது. "எந்தச் சமயத்தில் பொருந்தாது" என்ற வரி காலியாக இருந்தால் குறிப்பு முடியவில்லை. திரும்பப் போய்க் கேளுங்கள்.

ஷாப்பில் எந்தச் சொல்லோ அதையே எழுதுங்கள். கோர், ரன்னர், ரைசர் என்று வார்ப்பு வேலைச் சொற்களில் பேசுகிறவர்களிடம் அகராதித் தமிழை நீட்டினால் தேடும்போது கிடைக்காது. ஒரே பொருளுக்கு ஃபவுண்டரியில் ஒரு பெயரும் மெஷின் ஷாப்பில் வேறு பெயரும் இருந்தால் இரண்டையும் போடுங்கள். பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தம்பிகள் நிறையப் பேர் இருக்கிற ஷாப் என்றால் படத்தை அதிகமாக்குங்கள், இந்தியில் இரண்டு வரி சேருங்கள்.

எழுத்துரு விஷயத்தில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. பழைய தமிழ் ஃபைல்கள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் இருந்தால் திரையில் தமிழாகத் தெரிந்தாலும் தேடலில் வராது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடு முறைக்கு மாற்றியாக வேண்டும். இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. ஸ்கேன் செய்த தாள்களும் வெறும் படங்கள்தான். கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸாகத் திறந்தால் தமிழ் அச்செழுத்தை ஓரளவு எடுத்துக் கொடுக்கும், கையெழுத்தைத் திரும்ப டைப் செய்வதுதான் வழி. புதிதாக எழுத, போனில் தமிழ்க் குரல் தட்டச்சு நன்றாகவே உதவுகிறது.

இன்னொன்று: உங்களிடம் ஏற்கனவே எஸ்.ஓ.பி. (வேலையை எப்படிச் செய்வது என்ற எழுத்து நடைமுறை) இருந்து, குறிப்பு அதற்கு முரணாக இருந்தால் இரண்டையும் அப்படியே வைத்திருக்காதீர்கள். எது சரி என்று துறைத் தலைவர் முடிவு செய்து ஒன்றைத் திருத்த வேண்டும். ஆடிட்டர் கண்ணில் முதலில் படுவது இந்த முரண்தான்.

6. மென்பொருள், இப்போதுதான்

முப்பது நாற்பது குறிப்பு சேரும்வரை பொதுவான ஒரு ஃபோல்டர் போதும். டெமோ காட்ட வருகிறவர்களிடம் இதே காரணத்தைச் சொல்லி அனுப்பலாம்.

பிறகு மூன்று வழி. கம்பெனி ஏற்கனவே மைக்ரோசாஃப்ட் 365-க்குப் பணம் கட்டுகிறதென்றால், ஃபைல்களையும் பக்கங்களையும் பகிர உதவும் ஷேர்பாயின்ட் அதிலேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பல இடங்களில் யாரும் திறக்காமலே கிடக்கிறது. சர்வர் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் பலர் சேர்ந்து பக்கங்கள் எழுத உதவும் விக்கி மென்பொருள்களான மீடியாவிக்கி, டோக்குவிக்கி இரண்டும் இலவசம். விக்கிப்பீடியா ஓடுவது மீடியாவிக்கியில்தான், தமிழ் அதில் சிக்கலில்லாமல் வரும். டோக்குவிக்கிக்கு டேட்டாபேஸ் வேண்டாம், பேக்கப் எடுப்பது சுலபம். மூன்றாவது வழி மாதக் கட்டணச் சேவை. ஒருவருக்கு மாதம் எவ்வளவு என்று சொல்வார்கள், அதை ஆட்களின் எண்ணிக்கையாலும் பன்னிரண்டாலும் பெருக்கி 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால்தான் உண்மையான தொகை. எல்லோருக்கும் லைசென்ஸ் வாங்காதீர்கள். எழுதுகிறவர்கள் பத்துப் பேர்தான் இருப்பார்கள், வாசிக்க மட்டும் செய்பவர்களுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள்.

எந்த வழியானாலும் மெஷினில் ஒரு க்யூ.ஆர். ஸ்டிக்கர் ஒட்டி, அந்த மெஷினின் குறிப்புகளுக்கு நேராகப் போகும்படி வையுங்கள். ஷாப்பில் உள்ளவர்கள் படிப்பது பெரும்பாலும் அந்த வழியாகத்தான். லேமினேட் செய்யுங்கள், இல்லாவிட்டால் மெஷினைக் குளிர்விக்கும் கூலன்ட் பட்டே போய்விடும்.

வாட்ஸ்அப் குரூப்பை ஒழிக்கப் பார்க்காதீர்கள், முடியாது. கேள்வி அங்கேயே வரட்டும், பதிலாகக் குறிப்பின் லிங்க் போகட்டும். குறிப்பு இல்லாத கேள்வி வந்தால் உங்கள் நோட்டில் ஒரு வரி கூடும்.

வாடிக்கையாளரின் டிராயிங், விலை, ரகசிய ஒப்பந்தத்தில் வருகிற எதுவும் பொது இடத்தில் இருக்கக் கூடாது. அவற்றை இலவச ஏ.ஐ. சாட்பாட்டில் ஒட்டிச் சுருக்கம் கேட்பதையும் தடுத்து ஒரு சுற்றறிக்கை விடுங்கள்.

7. தினசரி வேலைக்குள் சேர்ப்பது

தனியாக "அறிவுப் பகிர்வு நாள்" வைத்தால் கேக் வெட்டுவார்கள், அவ்வளவுதான். ஏற்கனவே இருக்கிற தாள்களில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

பெரிய பிரேக்டவுனோ மொத்தமாக ரிஜெக்ஷனோ நடந்தால் அன்றே பதினைந்து நிமிடம் நின்றபடி நான்கு கேள்வி: என்ன நடக்க வேண்டியிருந்தது, என்ன நடந்தது, ஏன் வித்தியாசம், அடுத்த முறை என்ன செய்வோம். அமெரிக்க ராணுவம் பயிற்சிக்குப் பின் நடத்தும் ஆய்விலிருந்து வந்த முறை இது. ஒரு நிபந்தனை உண்டு: அங்கே பேசியதை வைத்து யாருக்கும் மெமோ கொடுக்கக் கூடாது. ஒரு தடவை கொடுத்துவிட்டால் அதன் பிறகு எல்லாக் காரணமும் "கரண்ட் போயிருச்சு" என்றாகிவிடும்.

வேலையை விட்டுப் போகிறவர், பாக்கி ஏதுமில்லை என்று ஒவ்வொரு துறையிடமும் கையெழுத்து வாங்கும் நோ டியூஸ் ஃபார்மில் ஒரு வரி சேருங்கள்: குறிப்புகள் ஒப்படைக்கப்பட்டன, கையெழுத்து துறைத் தலைவர். இதை வைத்து ஒருவருடைய செட்டில்மென்ட்டை நிறுத்திவைக்க வேண்டாம். சட்டச் சிக்கல் ஒரு பக்கம், அப்படிப் பிடுங்கிய குறிப்பு ஒன்றுக்கும் உதவாது என்பது இன்னொரு பக்கம். வரி எதற்கென்றால், அவர் நோட்டீஸ் கொடுத்த அன்றே உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்பதற்குத்தான்.

8. ஆடிட்டுக்கு என்ன காட்டுவது

தர மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 9001:2015-இல் இது 7.1.6-ஆம் பிரிவு. வேலைக்குத் தேவையான அறிவு எது என்று தீர்மானிக்க வேண்டும், அதைப் பேணி வேண்டியவர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும், நிலைமை மாறும்போது புதிதாக என்ன தேவை, எப்படிப் பெறுவது என்று பார்க்க வேண்டும். தனியாக ஒரு நடைமுறை ஆவணம் எழுதியே ஆக வேண்டும் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. மூன்றாம் படியின் பட்டியல், சில குறிப்புகள், ஏழாம் படியில் சொன்ன நான்கு கேள்விக் கூட்டங்களின் பதிவு ஆகியவற்றைக் காட்டினால் கேள்வி அங்கேயே முடியும். நாற்பது பக்கக் கையேடு எழுதித் தருகிறேன் என்று வரும் ஆலோசகரை அனுப்பிவிடலாம்.

அறிவு மேலாண்மைக்கென்றே ஐ.எஸ்.ஓ. 30401 என்ற தரம் 2018-இல் வந்தது. வாடிக்கையாளர் கேட்டாலொழிய முதல் இரண்டு வருடத்துக்கு அதன் சான்றிதழை நினைக்க வேண்டாம்.

9. செலவும் காலமும்

ட்ரைபாட், மைக், ஸ்டிக்கர் எல்லாம் ஐந்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். மெய்யான செலவு ஆள் நேரம். வாரம் இரண்டு அரை மணி நேரம் என்றால் மூன்று மாதத்தில் ஒருவரிடம் பதின்மூன்று மணி நேரப் பேச்சு. ஒரு மணி நேரப் பதிவைக் கேட்டுக் குறிப்பாக்க நான்கு மணி நேரமாவது பிடிக்கும். ஆக ஐம்பது மணி நேரத்துக்கு மேல், அதற்குப் பிறகு அவரிடம் காட்டித் திருத்துகிற நேரம். எம்.டி.யிடம் இந்தக் கணக்கை முதல் வாரமே வையுங்கள். பக்கத்தில், போன வருடம் ஒரே குறையால் தள்ளுபடியான வார்ப்படங்களின் எடையையும் அதன் ரூபாயையும் எழுதி வைத்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

காலம் தோராயமாக: உத்தரவுக்கும் நோட்டுக்கும் ஒரு மாதம், பட்டியலுக்கு இரண்டு வாரம், முதல் ஆளிடம் பேசிக் குறிப்பாக்க நான்கு மாதம். இரண்டாம் துறைக்கு ஒரு வருடம் கழித்துப் போனால் போதும். தீபாவளிக்கு முந்தைய போனஸ் மாதத்திலும் மார்ச் மாத டார்கெட் ஓட்டத்திலும் யாரையும் பேச்சுக்குக் கூப்பிடாதீர்கள்.

10. எதை எண்ணுவது

எத்தனை குறிப்பு ஏற்றினோம் என்று எண்ண ஆரம்பித்தால், மாதக் கடைசியில் வெற்றுக் குறிப்புகள் குவியும். அதற்குப் பதில் மூன்றைப் பாருங்கள். நோட்டில் வந்த அதே கேள்வி இந்தக் காலாண்டில் எத்தனை முறை திரும்ப வந்தது? புதிதாகச் சேர்ந்தவர் துணையில்லாமல் ஷிப்ட் ஓட்ட எத்தனை நாளானது? தேடிப் பார்த்து ஒன்றும் கிடைக்காத சொற்கள் எவை? மூன்றாவதை விக்கியோ ஷேர்பாயின்டோ பதிவு செய்து வைக்கும்படி அமைக்க முடியும், ஐ.டி.யிடம் கேட்டு வாங்குங்கள்.

சரிபார்ப்புத் தேதி தாண்டிய குறிப்பின் மேல் "சரிபார்க்கப்படவில்லை" என்று சிவப்பில் வர வேண்டும். அதன் பிறகும் மூன்று மாதம் யாரும் தொடாவிட்டால் ஆர்க்கைவுக்கு நகர்த்திவிடுங்கள், அழிக்க வேண்டாம். மெஷின் மாறினாலோ, மண்ணைப் பிணைக்கச் சேர்க்கும் ரெசின், பென்டோனைட் ஆகியவற்றின் சப்ளையர் மாறினாலோ தேதி வரும்வரை காத்திருக்காமல் அது சம்பந்தப்பட்ட குறிப்புகளை அன்றே எடுத்துப் பாருங்கள். இதற்காகப் பர்ச்சேஸ் துறையின் சப்ளையர் மாற்றப் படிவத்தில் உங்கள் பெயரையும் தகவல் பெறுபவராகச் சேர்க்கச் சொல்லுங்கள்.